வாடகைக்கு விட வீடு வாங்குவோர் தமிழ்நாட்டு விடுமுறைக்குள் முடிக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வந்து, வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு சிறிய வீட்டையோ அடுக்குமாடிக் குடியிருப்பையோ வாங்கிப்போட நினைப்பவர்கள், தரகருடன் வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே பத்திரம் யார் பெயரில் எழுதப்படும் என்பதை முடிவுசெய்துவிட வேண்டும். கடன் யாருக்குக் கிடைக்கும், வாடகை எந்தக் கணக்கில் சேரும், வரி எவ்வளவு பிடிக்கப்படும், பின்னாளில் விற்ற பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்பவை எல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தே அமைகின்றன.

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்களும் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஓசிஐ அட்டை இல்லாத வெளிநாட்டுக் குடிமக்களுக்கு, அவர்கள் கனடா அல்லது பிரிட்டன் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர்களாக இருந்தாலும், வெளிநாட்டிலிருந்தபடி இங்கே வீடு வாங்கும் உரிமை பொதுவாகக் கிடையாது. பணம் வங்கி வழியாகவோ, வெளிநாட்டில் வாழ்வோருக்கான இந்திய வங்கிக் கணக்குகளான என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கு), என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கு) ஆகியவற்றிலிருந்தோதான் வர வேண்டும். டாலர் நோட்டாகக் கையில் கொடுப்பது சட்டப்படி செல்லாது.

“நான் அங்கே இருக்கிறேன், தம்பி பெயரில் வாங்கிவிடுவோம்” என்பது நம் குடும்பங்களில் எளிதாக வந்துவிடும் முடிவு. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும், 2016இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டத்தின்கீழ் இது ஆபத்தானது. மனைவி, கணவர், பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் வாங்கலாம். உடன்பிறந்தவர், பெற்றோர் என்றால், பணம் கொடுத்தவரின் பெயரும் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இடம்பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொத்துப் பறிமுதல் ஆவதோடு சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. உறவு கெடும் என்று தயங்கி இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுபவர்கள், பத்தாண்டு கழித்து அதே உறவோடு நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். கூட்டாக வாங்கும்போது ஒவ்வொருவரின் பங்கு எத்தனை விழுக்காடு என்பதையும் பத்திரத்திலேயே குறிப்பிடுவது நல்லது. வாடகை வருமானத்துக்கான வரி அந்தப் பங்குப்படிதான் கணக்கிடப்படும். முழுப் பணத்தையும் கணவர் கொடுத்து மனைவி பெயரில் வாங்கினால், பினாமிச் சிக்கல் இல்லை என்றாலும் வாடகை கணவரின் வருமானத்தோடுதான் சேரும்.

கடனைப் பொறுத்தவரை, கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்பதைக் குறைத்து மதிப்பிடுவதே வழக்கமான சிக்கல். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடும், 75 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும்தான் உச்சவரம்பு. 60 லட்சம் ரூபாய்க்கு மறுவிற்பனை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடன் அதிகபட்சம் 48 லட்சம். மீதி 12 லட்சம் கைப்பணம். இதைத் தவிர, முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 5.4 லட்சம் ஆகும். இந்தச் செலவை வங்கி சொத்து மதிப்பில் சேர்க்காது. ஆக, 17.4 லட்சம் கையில் இருந்தாக வேண்டும். பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, வாங்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் பதிவுச் செலவு இன்னும் கூடும்.

வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களையும் அடமானங்களையும் காட்டுவது), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமைப் பத்திரம்), பட்டா ஆகியவற்றை வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என்று இருந்துவிடாமல், தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துப் பெற வேண்டும். வங்கி தன் கடனுக்காகத்தான் பார்க்கிறது. ஊரில் இருக்கும்போதே, உங்கள் சார்பில் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் பதிவுசெய்துகொள்வது எளிது. திரும்பிய பிறகு என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டியிருக்கும். வாடகை வசூல், சொத்துவரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தால் போதும். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்க வேண்டாம்.

வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்பது குடியிருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. பொதுவாக 30 விழுக்காடு வரியும் அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்ந்து 31.2 விழுக்காடு. வாடகை 20,000 என்றால் 6,240 வரிக்குப் போக, என்ஆர்ஓ கணக்கில் 13,760தான் சேரும். சொத்துவரியையும் வாடகையில் சட்டம் அனுமதிக்கும் 30 விழுக்காட்டுக் கழிவையும் கடன் வட்டியையும் காட்டி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், பிடித்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற முடியும். ஆனால் மாதத் தவணையை அந்த 13,760ஐ வைத்தே திட்டமிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி பதிவுசெய்வதும் கட்டாயம். சென்னையில் பத்து மாத முன்பணம் வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது என்றாலும், சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகையையே முன்பணத்தின் அளவாகக் கொள்கிறது.

காப்பீட்டில் இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடனோடு சேர்த்து வங்கி விற்க முயல்வது பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிர்க்காப்பீடு, கட்டடத்துக்கானது வேறு. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பொருந்துவதோடு, சேதத்தால் வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போகும் காலத்தில் இழக்கும் வாடகையையும் ஈடுசெய்யும். காப்பீட்டுத் தொகையைக் கடன் தொகையை வைத்தோ சந்தை விலையை வைத்தோ தீர்மானிக்காமல், அந்தப் பரப்பளவைத் திரும்பக் கட்ட ஆகும் செலவை வைத்துத் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் நிலத்தின் மதிப்புக்கு இதில் இடமில்லை. குடியிருப்பவரின் பொருள்களுக்கு உங்கள் காப்பீடு உதவாது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடலாம். குடியிருப்போர் மாறும் இடைவெளியில் வீடு நெடுநாள் பூட்டிக் கிடந்தால் காப்பீடு தொடருமா என்பதை நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு, அந்தப் பதிலையும் பத்திர நகலையும் சாவியோடு சேர்த்து அதிகாரம் பெற்றவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படவும்.