அளப்பது ஃபிலிமையா, கிளாம்ப்பையா?

மெல்லிய பாலிமர் (பிளாஸ்டிக்) ஃபிலிமை ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியை நிறவாரியாக அளக்கும் கருவி) ஹோல்டரில் மாட்டி ரீடிங் எடுக்கிறோம், மறுநாள் அதே துண்டை மாட்டினால் வேறு எண் காட்டுகிறது. கருவியைத் திட்டுவதற்கு முன், ஃபிலிமைப் பிடிக்கும் கிளாம்ப்பின் திருகை எவ்வளவு முறுக்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இழுபடும் ஃபிலிமில் இழுத்த திசைக்கு ஓர் ஒளிவிலகல் எண், குறுக்கே வேறொன்று. கண்ணாடியை அழுத்தினாலே இந்த இரட்டை விலகல் வரும் என்று டேவிட் புரூஸ்டர் 1816-லேயே எழுதிவிட்டார்.

எவ்வளவு இழுத்தால் தெரியும்? 10 மி.மீ. அகலம், 50 மைக்ரான் தடிமன் உள்ள பாலிகார்பனேட் பட்டையில் வெறும் 50 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் இழுவிசை) 1 மெகாபாஸ்கல் ஆகிவிடும்; இழுத்த திசையில் அதிரும் ஒளிக்கும் குறுக்கே அதிரும் ஒளிக்கும் நடுவே சுமார் 4 நானோமீட்டர் பாதை வித்தியாசம் விழும். கிளாம்ப் தரும் இழுப்பு இதைவிட எளிதாகக் கூடும். அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

முதலில் கண்ணால் பாருங்கள். எல்சிடி மானிட்டரில் வெள்ளைத் திரையைப் போட்டு, போலரைசர் தகட்டை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) திரை இருட்டாகும்வரை திருப்பி, நடுவில் ஃபிலிமை வைத்து மெல்லச் சுழற்றுங்கள். கிளாம்ப் பக்கம் மட்டும் வெளிச்சம் கசிந்தால் குற்றவாளி அங்கேதான். முழுக்கப் பளிச்சென்றால் தயாரிப்பிலேயே இழுத்த ஃபிலிம் (PET எனும் பாட்டில் பிளாஸ்டிக்கின் ஷீட்கள் பெரும்பாலும் இப்படித்தான்), கிளாம்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. கத்தரிக்கோலால் வெட்டிய ஓரமும் மின்னும், அதனால் புது பிளேடு எடுங்கள்.

கண்ணாடியில் ஸ்பின் கோட் செய்த (கரைசலை ஊற்றி வேகமாகச் சுழற்றிப் பூசிய) ஃபிலிமில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. சூடாக்கி ஆறவைக்கும்போது பாலிமர் கண்ணாடியைவிட அதிகம் சுருங்கப் பார்க்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு இழுபடுவதால் நேராகப் பார்த்தால் இருட்டாகவே இருக்கும். சாய்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

அளக்கும்போது மேல் ஓரத்தை மட்டும் டேப்பால் ஒட்டிக் கீழே சும்மா தொங்க விடுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரின் ஒளியே கொஞ்சம் போலரைஸ் ஆகித்தான் வரும் என்பதால் ஃபிலிமை 0, 45, 90 டிகிரியில் திருப்பி மூன்று ரீடிங் எடுங்கள். இழுத்துத்தான் பிடிக்க வேண்டுமென்றால் மாட்டியதும் அளக்காதீர்கள். பாலிமர் மெல்லத் தளர்ந்துகொண்டே இருக்கும், சில நிமிட இடைவெளியில் எண் நிலைக்கும்வரை பாருங்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமா, சரி, 20, 40, 60 கிராம் என்று தொங்கவிட்டு, எடைக்கு எதிரே ரீடிங்கை கிராஃப் போடுங்கள். நேர்கோடாக வரும். அதைப் பூஜ்ய எடைவரை நீட்டினால் கிடைப்பதுதான் ஃபிலிமின் சொந்த மதிப்பு.