திருகோணமலையில் முதல் கிற்றார் வாங்குவது: நான்கு வங்கி அட்டை, ஒரு போன், ஒரு டோர்ச்

கடைக்காரர் கையில் எடுத்து வாசித்துக் காட்டினால் எந்தக் கிற்றாரும் நன்றாகத்தான் கேட்கும். அவருடையது பழகிய விரல். நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் கம்பியையும் அது அழுத்திவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதே உயரம் ஒரு கிழமையில் விரல்நுனியை நோகவைக்கும். ஒரு மாதத்தில் ‘எனக்கு இது சரிவராது’ என்று சொல்லவைக்கும். வாங்கும் நாளில் கேட்கவேண்டிய முதல் கேள்வி கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான். நிறமும் பளபளப்பும் பெயரும் பிறகு. ஒரு கோர்ட்கூட (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) பிடிக்கத் தெரியாதவரும் இதைக் கடையிலேயே அளந்து பார்க்கலாம்.

அதற்கு முன்னர் ஸ்டீல் கம்பியா நைலோன் தந்தியா என்று முடிவெடுங்கள். பைலா, சினிமாப் பாட்டு, தேவாலயப் பாடகர் குழு என்று கோர்ட் அடித்துப் பாட விரும்புபவர்களுக்கு ஸ்டீல். விரலால் மெட்டு மீட்ட விரும்புபவர்களுக்கும், விரல்நுனி மிக மென்மையானவர்களுக்கும் நைலோன். நைலோன் கிற்றாரின் கழுத்து அகலமானது: தலைப்பக்கத்தில் கம்பிகள் ஏறிப்போகும் நட் என்ற சிறு கட்டையில் ஏறத்தாழ 52 மி.மீ. ஸ்டீல் கிற்றாரில் அது 43 மி.மீ. அளவில் இருக்கும். சிறிய கை உள்ளவர்கள் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நைலோன் கிற்றாரை மலிவாக வாங்கி, சத்தம் போதாதென்று ஸ்டீல் கம்பி பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். வழமையான 12–53 ஸ்டீல் செட் (மெல்லிய கம்பியினதும் தடித்த கம்பியினதும் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) முழுச் சுருதியில் 70 கிலோவுக்கு மேலான இழுவையைத் தரும். நைலோன் செட் தருவது 40 கிலோ அளவுதான். அந்த மேற்பலகை இந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. சில மாதங்களில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பின்பக்கமாகப் பிய்ந்து எழும்பும், கழுத்தும் வளையும்.

உடலின் அளவு அடுத்தது. கடைகளில் அதிகம் தொங்குவது டிரெட்நோட் என்ற பெரிய உடல். அந்தப் பெயர் 1906இல் பிரித்தானியக் கடற்படை கடலில் இறக்கிய போர்க்கப்பலினுடையது. பத்து வருடம் கழித்து, 1916இல், மார்ட்டின் கம்பனி தான் செய்த பெரிய கிற்றாருக்கு அதை எடுத்துக்கொண்டது. 1957 வரை அதே கடற்படையின் தளத்தை வைத்திருந்த எங்கள் ஊருக்கு அந்தக் கப்பற்பெயர் பொருத்தம்தான். ஆனால் எல்லோருடைய தோளுக்கும் அந்த உடல் பொருந்தாது. கை இல்லாத கதிரையில் இருந்து, கிற்றாரை வலது தொடையில் வைத்து, வலக்கையை உடலுக்கு மேலாகப் போட்டுப் பாருங்கள். தோள் காதை நோக்கி எழும்பினால் அந்த உடல் உங்களுக்குப் பெரிது. இடை ஒடுங்கிய கொன்சர்ட் வடிவத்தைக் கேளுங்கள். எட்டு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கு முக்கால் அளவு நல்லது. ‘வளர்ந்தபிறகும் உதவும்’ என்று பெரியதை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை வளருமுன்னரே ஆசை போய்விடும்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

முதல் வேலை சுருதி சேர்ப்பது. இதைத் தவறவிட்டால் மற்ற எல்லா அளவும் பொய். கடைகளில் பல கிற்றார்கள் கம்பி தளர்ந்தபடி தொங்கும். தளர்ந்த கம்பி கழுத்தை இழுக்காது. அழுத்தவும் இலகுவாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து சுருதி ஏற்றிய பிறகுதான் உண்மை தெரியும். போனில் ஒரு டியூனர் செயலியை இறக்கி, 440 ஹேர்ட்ஸ் என்று இருப்பதை உறுதிசெய்து, தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜீ, பீ, ஈ என்று ஆறையும் ஏற்றுங்கள். பத்து நிமிடம் விட்டு மீண்டும் பாருங்கள். புதுக் கம்பி கொஞ்சம் இறங்குவது வழமை. ஒரே கம்பி திரும்பத் திரும்ப இறங்கினால் தலைப்பக்கத்தில் அதை முறுக்கும் சாவியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல்லில் தொய்வு இருக்கும்.

இனி உயரம். வங்கி அட்டை ஒவ்வொன்றும் 0.76 மி.மீ. தடிப்பு. மூன்றை அடுக்கினால் 2.3 மி.மீ. அளவு வரும், நான்கை அடுக்கினால் 3 மி.மீ. எழுத்து புடைத்திராத ஓரத்தைப் பயன்படுத்துங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் பிரெட். தலைப்பக்கத்திலிருந்து எண்ணி, பன்னிரண்டாம் பிரெட்டின் உலோகத்துக்கும் தடித்த ஈ கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையில் அட்டைகளை மெல்லச் செருகுங்கள். மூன்று அட்டை கம்பியைத் தூக்காமல் உரசியபடி போனால் மிக நல்லது. நான்கும் தாராளமாகப் போனால் உயரம் கூட. மெல்லிய ஈ கம்பிக்கு இரண்டு அட்டை போகவேண்டும், மூன்று இறுகவேண்டும். நைலோன் கிற்றாருக்கு இந்தக் கணக்கு வேறு: தடித்த பக்கம் 4 மி.மீ., மெல்லிய பக்கம் 3 மி.மீ. வரை இயல்பானது.

உயரம் கூடிவிட்டது என்பதற்காக உடனே வேண்டாம் என்று சொல்லவும் தேவையில்லை. பிரிட்ஜில் நிற்கும் வெள்ளைக் கட்டையைப் பாருங்கள், அதுதான் சேடில். அது மரத்துக்கு மேலே 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தெரிந்தால் தேய்த்துக் குறைக்க இடம் இருக்கிறது. சேடிலின் அடியில் 1 மி.மீ. தேய்த்தால் பன்னிரண்டாம் பிரெட்டில் அரை மி.மீ. குறையும். சேடில் ஏற்கனவே மரத்தோடு மரமாகப் பதிந்திருக்க, கம்பி மட்டும் உயரத்தில் நின்றால் கழுத்தின் கோணமே பிழைத்துவிட்டது. அதைத் திருத்தும் செலவு தொடக்கநிலைக் கிற்றாரின் விலையைத் தாண்டிவிடும். வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

மறுமுனையில் நட். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் பிரெட்டில் அழுத்தி, முதலாம் பிரெட்டுக்கு மேலே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு கடதாசி போகும் அளவு போதும். கூடுதலாக இருந்தால் எஃப் கோர்ட் பிடிக்கும்போது கை சோர்ந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு: முதலாம் பிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) பூட்டியதும் அழுத்துவது திடீரென்று இலகுவானால் குற்றம் நட்டில்தான். நட் வெட்டு ஆழப்படுத்துவது ஓர் அரத்தால் முடியும் வேலை, ஆனால் பழகிய கை செய்யவேண்டும். ஒரு மயிரிழை கூட வெட்டினாலும் திறந்த கம்பி ஜிர்ரென்று இரையும்.

கழுத்தின் வளைவு மூன்றாவது. தடித்த கம்பியை முதலாம் பிரெட்டிலும் உடலோடு கழுத்து சேரும் பதினான்காம் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே அடிமட்டம். நடுவில் ஏழாம் பிரெட் அருகே கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு, அதாவது 0.2, 0.3 மி.மீ. இருக்கவேண்டும். கம்பி ஒட்டிக்கொண்டு நின்றால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. ஒரு வங்கி அட்டையே நுழைந்தால் முன்னால் அதிகம் வளைந்திருக்கிறது. இதைச் சரிசெய்வது கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பி. அதன் அறுகோணத் துளை ஒலித்துளைக்குள்ளோ தலைப்பக்க மூடிக்குக் கீழேயோ இருக்கும். டோர்ச் அடித்துத் தேடுங்கள். ஸ்டீல் கம்பிக் கிற்றாரில் அது இல்லையென்றால் வாங்கவே வேண்டாம், எங்கள் காலநிலையில் குறிப்பாக. (நைலோன் கிற்றார் பலவற்றில் அது இருப்பதில்லை, அது குறையல்ல.)

பிறகு ஆறு கம்பியையும் ஒன்று முதல் பதினான்காம் பிரெட் வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். எண்பத்துநான்கு ஒலி, ஐந்து நிமிட வேலை. ஓர் இடத்தில் மட்டும் ஒலி செத்தால் அல்லது இரைந்தால் அதற்கு அடுத்த பிரெட் மேலெழும்பி இருக்கிறது. கடைசியாக, பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டி விரலை எடுங்கள். மணிபோல ஒரு நாதம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் வரும் ஒலியும் டியூனரில் கிட்டத்தட்ட அதே முள்ளில் நிற்கவேண்டும். தெளிவாக விலகினால் மேலே போகப் போகக் கோர்ட் எல்லாம் சுருதி பிசகும். கம்பி துருப்பிடித்துப் பழசாக இருந்தாலும் இந்தச் சோதனை பிழைக்கும் என்பதை மறவாதீர்கள்.

கடலும் காற்றும்

வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் அடிக்கும். அந்த வறண்ட காற்றில் மரம் சுருங்கும், மேற்பலகை சற்று இறங்கும், கம்பி தாழ்ந்து இரையத் தொடங்கும். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் பிரெட் முனைகள் அரம்போலக் கையைக் கீறும். கார்த்திகையில் வாடையோடு மழை வந்ததும் எல்லாம் மறுபக்கம்: மரம் ஈரம் குடித்து வீங்கும், பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைக்கும், கம்பி உயரும். ஆகவே மழைக்காலத்தில் வாங்கும்போது உயரம் ஒரு பொட்டுக் கூட இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கச்சான் காலத்திலேயே நான்கு அட்டை போகும் கிற்றார் மார்கழியில் இன்னும் மோசமாகும்.

இதனால்தான் முழுமரப் பலகையா ஒட்டுப்பலகையா என்ற கேள்விக்குக் கொழும்புக் குளிரூட்டிய அறையில் சொல்லும் பதில் கடலோர உப்புவெளி வீட்டுக்குப் பொருந்தாது. முழுமர மேற்பலகை நன்றாக ஒலிக்கும், காலப்போக்கில் இன்னும் திறக்கும், ஆனால் காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் அதிகம் அசையும், வெடிக்கவும் கூடும். ஒட்டுப்பலகை ஒலியில் ஒரு படி குறைவு, உறுதியில் ஒரு படி கூட. கடலோரத்தில் குளிரூட்டி இல்லாத வீடு, முதல் கிற்றார் என்றால் நல்ல ஒட்டுப்பலகை போதும். எது எதுவென்று அறிய ஒலித்துளையின் ஓரத்தை டோர்ச்சில் பாருங்கள்: மேலே தெரியும் நார்க்கோடு பலகையின் தடிப்பு வழியாகவும் இறங்கினால் முழுமரம்; பிஸ்கட் போல அடுக்குத் தெரிந்தால் ஒட்டு.

பெயர் சொல்லவேண்டுமானால், யமஹா எஃப்310 மேற்சொன்ன ஒட்டுப்பலகை வகை. நட்டிலிருந்து சேடில் வரையான கம்பியின் நீளம் 634 மி.மீ. அதே கம்பனியின் எஃப்ஜி800 முழு ஸ்புரூஸ் மேற்பலகை கொண்டது, 650 மி.மீ.; இழுவை சற்றுக் கூட. நைலோனில் சி40, 650 மி.மீ. நீளமும் 52 மி.மீ. நட்டும். இவற்றிலும் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் இருக்கும், அட்டைச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒலிபெருக்கியில் செருகும் வசதியுள்ள கிற்றாரை முதலில் வாங்கவேண்டாம். அதே விலையில் மரமும் வேலைப்பாடும் குறைந்துவிடும், மின் இணைப்புகள் உப்புக்காற்றில் பச்சை பூக்கும்.

பழைய கிற்றார் வாங்குவதானால் மூன்று இடம் பாருங்கள். பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு கடதாசியைச் செருக முயலுங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. உடலைச் சுற்றி மடக்கிய விரல் மூட்டால் மெல்லத் தட்டுங்கள்; ஓரிடத்தில் சலசலத்தால் உள்ளே கட்டை கழன்றிருக்கிறது. கழுத்தின் அடிப்பகுதியில், உடலோடு சேரும் இடத்தில், மயிரிழை வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.

கையில் இருக்கும் காசு முழுவதையும் கிற்றாருக்கே கொடுத்துவிட வேண்டாம். தடித்த பஞ்சு வைத்த உறை, ஒரு கேப்போ, இரண்டு செட் கம்பி, சேடில் சரிசெய்யும் கூலி எல்லாம் முதல் மாதத்திலேயே தேவைப்படும். கம்பி 10–47 அல்லது 11–52 எடுங்கள், 12–53 பிறகு. பூச்சுப் பூசிய கம்பி விலை கூட, ஆனால் நிலாவெளிப் பக்கம் வீடென்றால் அதுவே மலிவு. பூசாத கம்பி சில கிழமைகளில் கறுத்து விரலில் துரு ஒட்டும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்து உறைக்குள் வையுங்கள். கடலைப் பார்த்த சுவரில் தொங்கவிடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் மழைக்காலத்துக்கு மட்டும்.

கொழும்பில் வாங்கி இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ கொண்டுவருபவர்கள் எல்லாக் கம்பியையும் இரண்டு அரைச்சுரம் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்றவேண்டாம். பஸ்ஸில் எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள். பகல் வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டால் பசை இளகிப் பிரிட்ஜ் எழும்பும். ஹபரணையில் தேநீருக்கு இறங்கினாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் ஒரு கிழமை இருந்தபிறகு சுருதி சேர்த்து அட்டைகளை மீண்டும் செருகிப் பாருங்கள். ஏழாம் பிரெட்டில் இடைவெளி கூடியிருந்தால் ட்ரஸ் ரொட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாள் விட்டு அளந்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. திறப்பு இறுகி நின்றால் பலம் கொடுக்காமல் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.