பதின்ம வயதுப் பிள்ளைக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற ஊரில், அரசாங்கக் கிளினிக்கின் மருந்துக் கவுண்ட்டரில் பல வருடம் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிலும் செம்பனை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, நாலு கடை. ஒரு வரி கூடுதலாகச் சொன்னாலும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பிள்ளைகளின் விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

முதலில், எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பார்த்த தவறு. என்ன மாத்திரை என்றே சொல்லாமல் பிள்ளைக்குக் கொடுப்பது.

ஒரு பாட்டி, பேரனைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவர். பிறப்பிலேயே வந்த தொற்று. கண்டுபிடித்து மருந்து தொடங்கியபோது அவன் இரண்டாம் படிவம், பதினாலு வயது. வீட்டில் அது "சத்து மாத்திரை". ராத்திரி எட்டு மணிக்குப் பாட்டி தண்ணீரோடு நீட்டுவார், அவனும் முழுங்கிவிடுவான். ஒருநாள் கேட்டிருக்கிறான்: "சத்து மாத்திரைனா தம்பிக்கு ஏன் பாட்டி குடுக்கல?" பாட்டி ஏதோ சொல்லிச் சமாளித்தார். அன்று ராத்திரியே புட்டியில் இருந்த பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டான். அப்புறம் மாத்திரையை வாயில் போடுவது, பாட்டி திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்புவது. இப்படியே நாலு மாதம். கிளினிக்கில் ரத்தம் எடுத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. உடம்பில் வைரஸ் மறுபடி ஏறியிருந்தது. அவனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டோம். அவனுக்கு நோயின் மேல் அவ்வளவு கோபம் இல்லை. "எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் சொல்லல" என்றான்.

பள்ளி வயதுப் பிள்ளைக்கு அதன் நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011லேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. சிறுபிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, பதின்ம வயது வந்தவர்களுக்கு முழுதாக. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, இந்த மாத்திரை அதை அடக்கி வைக்கிறது என்று ஆரம்பிக்கலாம். அதற்குப் பெயர் எச்.ஐ.வி. என்பது அடுத்த முறை. எப்படி வந்தது என்பது அதற்கும் அடுத்து. ஆனால் பெயரைச் சொல்லும் நாளைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். கைபேசி உங்களை முந்திக்கொள்ளும்.

"சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவான்" என்பதுதான் பெரியவர்களின் பயம். நான் பார்த்தவரை, காரணம் புரிந்த பிள்ளை நம்மைவிட நன்றாக ரகசியம் காக்கும். தாய்மார்களின் பயம் வேறு. "என்னால்தானே வந்தது" என்று பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட அம்மா தனியாகச் சொல்ல வேண்டாம். தாதியையோ ஆலோசகரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம். அழுதாலும் பரவாயில்லை.

இப்போது அப்படிப் பிள்ளைகள் ஏது என்று சிலர் கேட்பார்கள். மலேசியாவில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை 1998லிருந்து நடக்கிறது. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்ததற்காக 2018ல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல். பெருமையான விஷயம்தான். ஆனாலும் பரிசோதனையில் விடுபட்டவர்கள் உண்டு. உடலுறவு மூலம் தொற்று வரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் வீட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மருந்துக்கு முன்னாடி விசாரணை. "யாரு? எங்க? எப்போ?" அடி விழுந்த வீடும் எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கிளினிக்கில் விடுங்கள். யாராவது மிரட்டியோ ஏமாற்றியோ செய்திருந்தால் அதைத் தனியாக, பக்குவமாகக் கேட்கப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை 2001 சிறார் சட்டப்படி மருத்துவருக்கு இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்க உங்கள் கையெழுத்தும் வேண்டும். நீங்கள் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு வழியே இல்லாமல் போகும்.

அடுத்து, தள்ளிப்போடுவது. எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடியட்டும், தைப்பூசக் காவடி முடியட்டும், அக்கா கல்யாணம் முடியட்டும். இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. ஒரு காலத்தில் சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து கொடுத்தார்கள். "உனக்கு இன்னும் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நம் உறவிலேயே இருப்பார்கள். 2015ல் உலகச் சுகாதார நிறுவனம் அதை மாற்றிவிட்டது. எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான எல்லாருக்கும் மருந்து. 2017லிருந்து ஏழு நாளுக்குள், பிள்ளை தயார் என்றால் அன்றைக்கே தொடங்கலாம் என்பது அதன் பரிந்துரை. எல்லா ரத்த முடிவும் வரட்டும் என்றுகூடக் காத்திருக்க வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக ஞாபகம் வையுங்கள். மூளை உறையில் காசநோயோ கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையோ இருந்தால், அதற்கு முதலில் வைத்தியம் தொடங்கிவிட்டு, எச்.ஐ.வி. மருந்தைக் குறைந்தது நாலு வாரம் கழித்துத்தான் தொடங்குவார்கள். அதனால் விடாத தலைவலி, கழுத்துப் பிடிப்பு, வாந்தி, இருமல், ராத்திரி வியர்வை எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். "எல்லாம் கேட்டால் லேட்டாகும்" என்று ஓர் அம்மா பிள்ளையின் தலைவலியைச் சொல்லாமல் விட்டார். நல்லவேளை, பிள்ளையே சொல்லிவிட்டாள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். முப்பது கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளைக்கு ஒன்று. இதில் டோலுடெக்ராவிருக்கு ஒரு பிரச்சினை உண்டு. இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அலுமினியமோ மக்னீசியமோ கலந்த கேஸ்ட்ரிக் மருந்து இவையெல்லாம் வயிற்றிலேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போக விடாது. ரத்தசோகைக்கு அயன் மாத்திரை எடுக்கும் வயசுப்பெண்கள் நம் பக்கம் நிறைய. எச்.ஐ.வி. மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றாகப் போடலாம், அந்தக் கேஸ்ட்ரிக் மருந்தை அப்படிக்கூடச் சேர்க்கக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிர் இரண்டு வேளை தேவைப்படும். வலிப்பு மருந்து எடுக்கிற பிள்ளை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து, சூரணம் எதுவானாலும் திட்டுவார்கள் என்று பயப்படாமல் டப்பாவோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

தூக்கம் கெட்டால் ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம், கேட்டுவிட்டு. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போட வேண்டும். இரண்டு சேர்த்துப் போடக் கூடாது.

முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், கழுத்தில் நெறி கட்டும். குறிப்பாக எதிர்ப்புச் சக்தி ரொம்ப இறங்கிய பிறகு மருந்து தொடங்கியவர்களுக்கு. தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்புச் சக்தி முழித்துக்கொண்டு, ஒளிந்திருந்த பழைய கிருமியோடு சண்டை போடுவதால் வருவது அது. "மாத்திரை ஒத்துக்கல" என்று வீட்டிலேயே நிறுத்துவதுதான் அப்போது நடக்கும் தவறு. கிளினிக்குக்கு ஓடி வாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கல்லீரல் அழற்சி பி (ஹெப்படைடிஸ் பி) உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. இந்த மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்து அந்தக் கிருமியையும் அடக்குவதால், திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி மறுபடி கடுமையாகும்.

ஒளித்து வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். புட்டி குலுங்குவதும் கேட்கும். ஹாஸ்டலில் இருந்த ஒரு பையன் சத்தம் வராமல் இருக்கப் புட்டிக்குள் பஞ்சு திணித்து வைத்திருந்தான். கெட்டிக்காரன். இன்னொருவன் மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான், அந்த வெயிலில். தகரக் கூரைக்கு ஒட்டிய பரணும் அப்படித்தான். முப்பது டிகிரிக்கு மேல் சூடாகிற இடம் மருந்துக்கு ஆகாது. ஈரம் உறிஞ்சும் சின்னப் பையையும் புட்டியிலிருந்து எடுத்து வீசாதீர்கள்.

தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ போய் மருந்து எடுக்கும் குடும்பங்கள் உண்டு. அதில் தப்பில்லை. பஸ் காசு இல்லாத மாதம் மருந்து விட்டுப்போனால்தான் தப்பு. இப்படித் தூரமாகப் போக வைத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. கூட்டம் நிறைந்த வராந்தாவில் ஒரு பெண்பிள்ளையின் முழுப்பெயரை உரக்கக் கூப்பிட்டேன் நான். அவள் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு மருந்து வாங்காமலே போய்விட்டாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது.

ஆறாம் மாதம் வைரஸ் அளவைப் பார்ப்பார்கள், அப்புறம் பன்னிரண்டாம் மாதம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை. முடிவுத் தாளைப் பாட்டியிடம் கொடுக்காமல் பிள்ளையின் கையில் கொடுங்கள் என்று நான் டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்த ஜன்னல் பையனுக்கு எல்லாம் சொல்லி, மறுபடி ஒழுங்காகப் போட ஆரம்பித்து, ஆறு மாதம் கழித்துத் தாள் வந்தது. வைரஸ் கண்டறிய முடியாத அளவு. இந்த அளவிலேயே இருந்தால் உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் போகாது, பிற்காலத்தில் கல்யாணம் குழந்தை எல்லாம் உண்டு என்று டாக்டர் விளக்கினார். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கவுண்ட்டருக்கு வந்தான்.

"அப்போ நான் ரத்த தானம் செய்யலாமா, ஆண்டி?"

"அது மட்டும் முடியாதுய்யா, எப்போதுமே" என்றேன். தலையாட்டினான். அடுத்து மருந்து எடுக்க வேண்டிய தேதியை நான் அட்டையில் எழுதுவதற்கு முன்னால் தன் கைபேசியில் குறித்துக்கொண்டான். பாட்டி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.