அம்மாளும் ஹேர்ப்பீசும்: முகத்துக்கு லேசர் போட்டுக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன கொண்டுபோவது என்று உங்களுக்குத் தெரியும். சொக்லேட், கோடாலித் தைலம், மாமாவுக்கு ஒரு போத்தல். போகிற வழியில் கொழும்பில் இறங்கி, குறைந்த காசில் முகத்தையும் சீராக்கிக்கொண்டு கலியாண வீட்டில் போய் நிற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பருத் தழும்புகளுக்கு லேசர். தோலின் மேற்படையை எரித்து எடுத்துவிட்டுப் புதுத் தோலை வளரவிடுகிற வகை. அந்தத் தனியார் நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். நீரிழிவு, புகைப்பழக்கம், ஒவ்வாமை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் பாலியல் தொற்று அல்லது ஹேர்ப்பீஸ் இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. எனக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது உதட்டோரம் கொப்புளம் போடும். அது ஹேர்ப்பீஸ் என்று சுவிஸில் வைத்தியர் சொல்லியும் இருந்தார். ஆனால் சித்தியின் மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். ‘இல்லை’ என்று கீறிவிட்டேன். படிவம் நிரப்பும்போது சொந்தக்காரரைத் தேநீர் குடிக்க அனுப்பிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்திருங்கள்.

ஹேர்ப்பீஸ் வைரஸ் ஒருமுறை உடம்புக்குள் வந்தால் நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயில், காய்ச்சல், மனக்கவலை, லேசர், முகத்தோலை உரிக்கிற அமில மருந்து, எது தட்டினாலும் எழும்பும். முதலாம் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றி வரும். இரண்டாம் வகை பாலுறவால் பரவிக் கீழே வரும். முதலாம் வகையும் வாய்வழிப் பாலுறவால் கீழே தொற்றலாம். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 10 பேரில் 6 பேருக்கு மேல் முதலாம் வகை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் பலருக்கு அது சிறுவயதில் வீட்டார் கொஞ்சிய முத்தத்தில் தொற்றியது. இதற்கா நான் வெட்கப்பட்டேன்?

உண்மையைச் சொல்லியிருந்தால் லேசருக்கு முந்திய நாளிலிருந்தே அசைக்ளோவிர் போன்ற மாத்திரை தொடங்கி, புதுத் தோல் மூடும்வரை, ஏறத்தாழ 7 முதல் 14 நாட்கள் தந்திருப்பார்கள். கேட்காமலே எல்லோருக்கும் கொடுக்கும் வைத்தியர்களும் உண்டு. எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

லேசர் போட்ட ஐந்தாம் நாள், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பெரியம்மா வீட்டில், வாயைச் சுற்றிக் கொத்தாகக் கொப்புளம். காலையில் கோப்பி கொண்டுவந்த பெரியம்மா கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மாள் வந்திருக்கிறாள் மகள்.”

வைகாசி மாதம். ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் சடங்குக்குக் கதவு திறந்திருந்த நேரம். அதைவிடப் பொருத்தமாக அம்மாளுக்கு வேறு நாளே கிடைத்திருக்காது. அரைமணி நேரத்தில் படலையில் வேப்பிலை. மீன் இல்லை, இறைச்சி இல்லை, மருந்து கூடவே கூடாது. எரிந்த தோலில் அரைத்த மஞ்சள். மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிற கதை எங்களைப் பற்றித்தான். நான்கு நாட்கள் உண்மையாகவே பாயோடு ஒட்டிக் கிடந்தேன். கலியாண மேளம் பக்கத்து வளவிலிருந்து கேட்டது.

ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்பீர்கள். என் அம்மாவின் கடைசி எட்டு மாதங்களும் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் பெரியம்மா. நான் வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவர் மஞ்சள் பூச வரும்போது எந்த வாயால் வேண்டாம் என்பது?

நீங்கள் என்னைப்போல் கிடக்காதீர்கள். கொப்புளம் எழும்பத் தொடங்கியதுமே எடுத்தால்தான் மாத்திரை நன்றாக வேலை செய்யும். நாள் போகப்போகப் பயன் குறையும். மேல்தோல் இல்லாத இடத்தில் வைரஸ் வேகமாகப் பரவும், அதன் மேல் கிருமியும் சேர்ந்தால் பழைய தழும்பைவிட மோசமான தழும்பு மிஞ்சும். பாயில் கிடந்த ஐந்தாம் நாள் இரவு மச்சானின் ஓட்டோவில் மண்முனைப் பாலத்தைக் கடந்தேன். 2014இல் திறந்த பாலம். நான் ஊரைவிட்டுப் போனபோது அந்த இடத்தில் தோணிதான் இருந்தது.

வைத்தியசாலையில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். “நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள் அண்ணா” என்றார். கதவு மூடியதும்தான் கேள்வி கேட்டார். கொழும்பில் அந்தக் கதவு மூடியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

மற்றப் பாலியல் தொற்றுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. உள்ளவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரஸ் கட்டுக்குள் இருந்து, நோயெதிர்ப்பும் போதிய அளவில் இருந்தால், காயம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஆறுவதுபோலத்தான் ஆறும். சிகிச்சையே எடுக்காதவருக்குத்தான் ஆபத்து. சிபிலிஸின் இரண்டாம் கட்டத் தடிப்பு உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். அதை மருந்து ஒவ்வாமை என்று நினைத்து விட்டுவிடக்கூடும். கிளமிடியா, மூக்கைச் சீராக்கப் போட்ட தையலைத் தேடி வராது. ஆனால் அதற்குத் தருகிற டொக்சிசைக்ளின் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். புதுத் தோலோடு மட்டக்களப்பு வெயிலில் இறங்கினால் முகம் கறுத்துப்போகும். எதுவானாலும் முதலில் சிகிச்சை, பிறகு அழகு. உண்மையில், காயம் ஆறுவதைக் கெடுப்பதில் இவற்றில் பலதைவிட சிகரெட்டும் கட்டுக்கடங்காத நீரிழிவும் மோசம். அவற்றைப் படிவத்தில் எழுத யாருக்கும் வெட்கமில்லை.

அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், விபரம் இரகசியம். ஊரில் யாராவது கண்டுவிடுவார்கள் என்று பயந்தால் புறப்படும் முன்பே வெளிநாட்டில் பார்த்துவிடுங்கள். லேசரைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

பயணச்சீட்டை மாற்ற வேண்டியதாயிற்று. மாத்திரையில் காய்ந்த முகத்துக்குப் பெரியம்மா மூன்று தண்ணீரும் வார்த்தார், சடங்கின் கடைசியில் அம்மனைக் குளிர்விக்கிற திருக்குளிர்த்திக்கு என் பெயரில் நேர்த்தியும் வைத்தார். நான் மறுக்கவில்லை. உதட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது.

புறப்படும் நாள் வாசலில் அவர் என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தார். அப்போதுதான் அவருடைய வாயோரத்தில் காய்ந்த பொருக்கைக் கண்டேன்.

“இது என்ன பெரியம்மா?”

“அது வெயிலுக்கு வருவது. உன் வயதிலிருந்தே வரும்.”

என்னைக் கைக்குழந்தையிலிருந்து கொஞ்சி வளர்த்தவர். கொஞ்சக் குனிந்தார். நான் நெற்றியைக் கொடுத்தேன்.