“எங்கட ஆக்கள்தானே”: ஸ்காபரோவில் முதல் வாடகை வீடு

விமான நிலையத்தில் இருந்து நேரே சித்தப்பா வீட்டுக்குப் போய் இறங்கியிருப்பீர்கள். முதல் கிழமை விருந்து. மூன்றாம் கிழமையில் குளியலறைக்கு முன்னால் வரிசை நிற்கத் தொடங்கும். அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: “மார்க்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பேஸ்மென்ட் இருக்காம், எங்கட ஆக்கள்தான், நாளைக்கே போய்ப் பாருங்கோ.”

பேஸ்மென்ட் என்றால் வீட்டின் நிலக்கீழ்த் தளம். போய்ப் பாருங்கள். ஆனால் அன்றைக்கே காசு கொடுக்காதீர்கள்.

கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் தமிழர்களுக்கான வாடகை வீடுகளில் பாதி விளம்பரத்துக்கே வருவதில்லை என்பது என் கணிப்பு. மளிகைக் கடை அறிவித்தல் பலகை, கோயில், வேலையிடம் என்று வாய்வழியாகவே கைமாறிவிடும். கிஜிஜி என்ற விளம்பர இணையத்தளத்திலும் பேஸ்புக்கிலும் தேடலாம். சந்தை விலைக்குப் பல நூறு டொலர் குறைவாக, பளபளக்கும் படங்களோடு ஒரு வீடு இருந்து, “நான் இப்ப வெளிநாட்டில், ஈ-ட்ரான்ஸ்பர் அனுப்பினால் சாவி தபாலில் வரும்” என்றால் அது மோசடி. உள்ளே கால் வைத்துப் பார்க்காத வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

முன்பே வந்தவர்கள் சொல்லும் பயண நேரத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். “எஸ்ஆர்டி பக்கத்தில்தான்” என்பார்கள். அந்த ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு நின்றுபோய், இப்போது பஸ்தான். வீட்டில் இருந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து பாருங்கள். ஜூலையில் ஐந்து நிமிடமாக இருக்கும் நடை ஜனவரியில் வேறு கதை.

பேஸ்மென்ட்டை எப்படிப் பார்ப்பது என்று நான் பட்டுத்தான் படித்தேன். என் முதல் பேஸ்மென்ட்டை ஒக்ரோபரில் பார்த்தேன். புதுப் பெயின்ட், மணம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஏப்ரலில் பனி உருகியபோது கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸ் நனைந்துவிட்டது. வீட்டுக்காரர் ஒரு பழைய துவாயைத் தந்து, “இது எல்லா வருசமும் வாறதுதான்” என்றார். அதனால் முதலில் சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயின்ட் அங்கே மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அலுமாரிக்குள் தலையை விட்டு மணந்து பாருங்கள். பூஞ்சணம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜன்னலைத் திறந்து பாருங்கள். நெருப்புப் பிடித்தால் படிக்கட்டைத் தவிர வேறெந்த வழியால் வெளியேறுவது என்பதற்கு வீட்டுக்காரரிடம் விடை இருக்க வேண்டும். புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் வேலை செய்கின்றனவா என்று அவர் முன்னாலேயே அமத்திப் பாருங்கள். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி மேல்வீட்டில் இருந்தால் குளிர்காலம் முழுக்க அவர்கள் கையில்தான் உங்கள் சூடு. குளிர்மாதங்களில் குறைந்தது 21 பாகை சூடு தர வேண்டும் என்பது நகரசபை விதி. மீறினால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இனிக் காசு. “ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட்” என்று கேட்பார்கள்: முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும். அது சரி. அதற்கு மேல் “டமேஜ் டிபொசிற்” (சேதத்துக்கான முற்பணம்) கேட்பது ஒன்ராறியோவில் சட்டப்படி செல்லாது. சாவிக்கு முற்பணம் வாங்கலாம், ஆனால் சாவி செய்யும் செலவுக்கு மேல் போகக் கூடாது, திருப்பியும் தர வேண்டும். புதிதாக வந்தவர், கிரெடிட் (கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு) இல்லை என்று சொல்லி ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. கிரெடிட் வரலாறே இல்லாததை உங்களுக்கு எதிராக எடுக்கவும் கூடாது. வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம் இரண்டையும் கையில் கொண்டுபோனால் பேச்சு சுருங்கும்.

பிறகு அந்தக் கூச்சமான இடம்: எழுத்து. “எங்களுக்குள்ள என்ன பேப்பர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஊரில் பெரியம்மாவின் பக்கத்து வீடாகக்கூட இருக்கும். அந்த இடத்தில்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறோம். ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு செய்யப்படும் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களுக்கு அரசாங்கமே ஒரு படிவம் வைத்திருக்கிறது. அதைக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. “வரி கட்டேக்க எனக்குத் தேவைப்படும் அண்ணா” என்று கேட்டுப் பாருங்கள், பொய்யும் இல்லை: ஒன்ராறியோ ட்ரில்லியம் கொடுப்பனவு என்ற அரச உதவிப் பணத்துக்குக் கட்டிய வாடகையைக் காட்ட வேண்டிவரும். ரசீது கேட்டால் இலவசமாகத் தர வேண்டியதும் அவர் கடமை. காசாகக் கொடுத்துப் பழகாதீர்கள்.

ஹைட்ரோ (மின்சாரம்), தண்ணீர், இன்டர்நெட் வாடகைக்குள் அடங்குமா, துணி தோய்க்க எந்த நாள், கார் நிறுத்த இடம் உண்டா, பனி அள்ளுவது யார் என்பதெல்லாம் அந்தத் தாளில் வரட்டும். பனி அள்ளுவது, சட்டத்தைக் கேட்டால், வீட்டுக்காரர் பொறுப்பு.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. வீட்டுக்காரரோடோ அவர் குடும்பத்தாரோடோ ஒரே சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய நிலை இருந்தால், வாடகைக் குடியிருப்பாளருக்கான சட்டப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. மாணவர்கள் எடுக்கும் “ரூம்” பல இந்த வகைதான். மலிவு என்று எடுக்கலாம், ஆனால் என்ன எடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள்.

ஒரு வருட லீஸ் முடிந்தால் வெளியேற வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அது தானாகவே மாதத்துக்கு மாதம் தொடரும். நீங்கள் போவதானால் 60 நாள் முன்னறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம், அதுவும் 90 நாள் முன்பே எழுத்தில் அறிவித்து. 2026க்கான உச்சவரம்பு 2.1 வீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகே முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு இந்த வரம்பு இல்லை. புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட் என்றால் இதையும் கேட்டு வையுங்கள். “மகன் வாறான், மாதக் கடைசியில எழும்புங்கோ” என்ற வாட்ஸ்அப் செய்தி சட்டப்படி அறிவித்தல் ஆகாது. அதற்கென்று படிவம் உண்டு; நீங்கள் மறுத்தால், வாடகைத் தீர்ப்பாயம் உத்தரவிடாமல் உங்களை வெளியேற்ற முடியாது.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு சுவரையும் அடுப்பையும் குளிர்சாதனப் பெட்டியையும் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

பால் காய்ச்சி, அன்றிரவே மிளகாய் தாளித்தால் புகை அலாரம் கத்தும். எல்லோருக்கும் நடப்பதுதான். பற்றரியை மட்டும் கழற்ற வேண்டாம், ஜன்னலைத் திறவுங்கள். அது திறக்குமா என்று வீடு பார்க்கப் போன அன்றே பார்த்திருப்பீர்கள்தானே.