நற்கிரியையா, கிருபையா: வாலிபர் வகுப்பில் எப்படி எடுப்பது?

எங்கள் சபையில் வாலிபர் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். நியாயத்தீர்ப்பு என்றாலே வரும் கேள்வி இதுதான்: "நல்லது செஞ்சா பரலோகம் போகலாமாக்கா?" உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் எபேசியர் 2:8, 9-ஐ வாசிக்க வையுங்கள். இரட்சிப்பு தேவனுடைய ஈவு, கிரியைகளினால் உண்டானதல்ல என்கிறார் பவுல். பலர் அதோடு வேதாகமத்தை மூடிவிடுகிறார்கள். 10-ஆம் வசனமும் வேண்டும்: நற்கிரியைகளைச் செய்யவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம்.

அப்புறம் மத்தேயு 25:31-46, நியாயத்தீர்ப்பில் இயேசு ஜனங்களை வலதுபக்கமும் இடதுபக்கமுமாகப் பிரிக்கும் பகுதி. பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். "எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று கேட்பது யார் என்று தேடச் சொல்லுங்கள். இடதுபக்கம் நின்றவர்கள் மட்டுமல்ல, நீதிமான்களும் அதையேதான் கேட்கிறார்கள். தாங்கள் செய்த உதவியை அவர்கள் கணக்கே வைக்கவில்லை! பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

விவரமான ஒருவன் யாக்கோபு 2:24-ஐ நீட்டுவான்: மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது அது. சரி, கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்னும் ரோமர் 3:28-ஐப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கே யாக்கோபின் நிருபத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் கத்தோலிக்கர் கிரியையால் மட்டுமே இரட்சிப்பு என்று நம்புகிறார்கள் எனச் சொல்லிவிடாதீர்கள். 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமே அதை மறுத்தது. 1999-இல் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுபற்றிக் கூட்டறிக்கையே வெளியிட்டன.

சாகும் நேரத்தில் சிலுவையில் மனந்திரும்பி, இயேசுவிடம் பரதீசு வாக்குப் பெற்ற கள்ளனைக் கடைசியில் எடுங்கள். முதலிலேயே எடுத்தால், "அப்போ சாகும்போது பாத்துக்கலாம்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அதன்பிறகு வகுப்பைப் பிடிக்க முடியாது.