கணக்கு ஒன்று, படம் நான்கு: லிப்ரே ஆபிஸ் கால்க்கில் சிதறல் வரைபடம் போடுவது எப்படி

இரண்டு நெடுவரிசை எண்களைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் முதலில் சராசரி எடுப்பார்கள், அடுத்து ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று −1 முதல் 1 வரை சொல்லும் எண்). 0.8 வந்தால் ‘நல்ல தொடர்பு’ என்று அறிக்கையில் எழுதி மூடிவிடுவார்கள். அந்த 0.8க்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கலாம் என்று கண்ணால் பார்க்க ஒரு பழைய பயிற்சி இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973இல் வெளியிட்ட நான்கு சிறிய தரவுத் தொகுப்புகள்தான் நம் மூலப்பொருள். ஒவ்வொன்றிலும் 11 இணைகள். கணக்குப் போட்டால் துல்லியம், படம் போட்டால் தோராயம் என்ற எண்ணம் அன்று புள்ளியியலாளர்களிடமே இருந்தது. அதை மறுக்கத்தான் அவர் இவற்றைக் கொடுத்தார்.

கீழே மெனு, ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

எந்த மென்பொருள்?

லிப்ரே ஆபிஸ் கால்க். இலவசம், இணையம் வேண்டாம், அச்சுகளின் அளவைப் பிடித்துவைப்பது எளிது. எக்செல் இருந்தால் அதுவும் சரி. கூகுள் ஷீட்ஸ் கணினியில் பரவாயில்லை, கைபேசி செயலியில் வேண்டாம். புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழி தெரிந்தவர்களுக்குத் தட்டச்சு வேலையே இல்லை, இந்தத் தரவு ஆன்ஸ்கோம் பெயரிலேயே அதற்குள் இருக்கிறது. ஆனால் முதல் முறை கையால் அடித்துப் போடுவதே நல்லது. எண்களைப் பார்த்து எதுவும் புலப்படவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

1. தரவை அடிப்பது

எட்டு நெடுவரிசைகள். ஏ-பி முதல் தொகுப்பு, சி-டி இரண்டாவது, இ-எஃப் மூன்றாவது, ஜி-ஹெச் நான்காவது. முதல் வரியில் தலைப்பு, 2 முதல் 12ஆம் வரி வரை எண்கள்.

முதல் மூன்று தொகுப்புக்கும் எக்ஸ் ஒன்றே:
10, 8, 13, 9, 11, 14, 6, 4, 12, 7, 5

ஒய் 1: 8.04, 6.95, 7.58, 8.81, 8.33, 9.96, 7.24, 4.26, 10.84, 4.82, 5.68

ஒய் 2: 9.14, 8.14, 8.74, 8.77, 9.26, 8.10, 6.13, 3.10, 9.13, 7.26, 4.74

ஒய் 3: 7.46, 6.77, 12.74, 7.11, 7.81, 8.84, 6.08, 5.39, 8.15, 6.42, 5.73

நான்காவதற்கு எக்ஸ் தனி: 8, 8, 8, 8, 8, 8, 8, 19, 8, 8, 8

ஒய் 4: 6.58, 5.76, 7.71, 8.84, 8.47, 7.04, 5.25, 12.50, 5.56, 7.91, 6.89

எக்ஸ் ஒன்றாக இருந்தாலும் மூன்று முறையும் அடியுங்கள். இணை இணையாக அடுத்தடுத்து இருந்தால்தான் பின்னால் வரைபடம் போடும்போது தேர்வு தவறாது.

அடித்ததும் சம் ஃபங்ஷனால் கூட்டிப் பாருங்கள். எக்ஸ் ஒவ்வொன்றும் 99. ஒய்கள் வரிசையாக 82.51, 82.51, 82.50, 82.51. மூன்றாவதில் ஒரு பைசா குறைவதைப் பார்த்துத் தேட வேண்டாம், அது அப்படித்தான். கவுண்ட் ஃபங்ஷன் எல்லாவற்றுக்கும் 11 தர வேண்டும்.

2. கணக்கு

ஆவரேஜ் (AVERAGE), வார் (VAR), கோரல் (CORREL), ஸ்லோப் (SLOPE), இன்டர்செப்ட் (INTERCEPT). ஐந்தே ஃபங்ஷன். வர வேண்டிய விடைகள்: எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.50. எக்ஸின் வேரியன்ஸ் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 11. ஒய்யின் வேரியன்ஸ் 4.12 அல்லது 4.13. ஒட்டுறவுக் கெழு 0.816, நான்காவதில் மட்டும் 0.817. புள்ளிகளுக்குப் பொருத்தும் நேர்கோட்டின் சாய்வு (எக்ஸ் 1 கூடினால் கோடு எவ்வளவு ஏறும்) 0.50, வெட்டு (எக்ஸ் 0 ஆகும்போது கோடு நிற்கும் உயரம்) 3.00.

இரண்டு இடத்தில் தவறு வரும். எக்ஸின் வேரியன்ஸ் 10 என்று வந்தால் வார் என்பதற்குப் பதில் வார்பி (VARP) போட்டிருக்கிறீர்கள். வார்பி 11ஆல் வகுக்கும், வார் 10ஆல் வகுக்கும். இன்னொன்று, ஸ்லோப் ஃபங்ஷனுக்குள் ஒய் முதலில், எக்ஸ் அடுத்து. மாற்றிக் கொடுத்தால் 0.50க்குப் பதில் 1.33 வரும். கோரல் எப்படிக் கொடுத்தாலும் ஒரே விடை தருவதால் அதை வைத்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. கமாவை ஏற்காமல் பிழை காட்டினால் அரைப்புள்ளி போடுங்கள், கால்க்கில் அது எப்போதும் செல்லும்.

ஆக, ஐந்து கணக்கும் நான்கு தொகுப்பிலும் ஒன்றே. இதோடு நிறுத்தினால் நான்கும் ஒரே மாதிரித் தரவு என்றுதான் அறிக்கை போகும்.

3. வரைபட வகை: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்

ஏ1 முதல் பி12 வரை தேர்ந்தெடுங்கள். இன்செர்ட், பிறகு சார்ட். வரும் பட்டியலில் ‘எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்’ எடுத்து, அதில் ‘பாயின்ட்ஸ் ஒன்லி’. ஃபினிஷ்.

‘லைன்’ என்று ஒரு வகை இருக்கிறது. புள்ளிகளின் ஊடே போகும் போக்குக் கோடுதானே வேண்டும், லைன் எடுப்போம் என்று கை அங்கே போகும். போகக் கூடாது. லைன் சார்ட்டில் கிடை அச்சு எண் அச்சு இல்லை, பெயர் எழுதும் இடம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று வரிசையாக வரும் பெயர்களுக்காக அமைத்தது. அதில் இந்தத் தரவைப் போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, எக்ஸையும் தனித் தரவாக நினைத்து இரண்டு கோடுகள் வரைந்துவிடும், கீழே 1 முதல் 11 வரை எழுதியிருக்கும். இல்லையென்றால், எக்ஸ் மதிப்புகளை வெறும் பெயர்களாக எடுத்து 10, 8, 13, 9 என்று அடித்த வரிசையிலேயே சம இடைவெளியில் ஒட்டிவைக்கும். 4க்கும் 12க்கும் இடையே உள்ள தூரமும் 8க்கும் 13க்கும் இடையே உள்ள தூரமும் ஒன்றாகிவிடும்.

படம் கோணலாக இருப்பதோடு போனால் பரவாயில்லை. போக்குக் கோடும் பொய் சொல்லும். மென்பொருள் உண்மையான எக்ஸை விட்டுவிட்டு 1, 2, 3 என்ற வரிசை எண்ணை வைத்துக் கோடு போடும். முதல் தொகுப்பில் சாய்வு 0.50 வர வேண்டிய இடத்தில் −0.188 வரும், வெட்டு 8.63. அதாவது ஏறும் கோடு இறங்கும் கோடாகிவிடும். உங்கள் படத்தில் இந்த எண்கள் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், சார்ட் வகைதான் காரணம். நான்காவது தொகுப்பில் சேதம் இன்னும் மோசம். ஒரே செங்குத்தாக நிற்க வேண்டிய பத்து புள்ளிகளும் அகலமாகப் பரவிக்கொள்ளும். அந்தத் தொகுப்பின் சங்கதியே காணாமல் போகும்.

இரண்டு நெடுவரிசையும் அளந்த எண்கள் என்றால் ஸ்கேட்டர். ஒன்று பெயர் அல்லது மாதம் என்றால்தான் லைனோ பாரோ.

4. அச்சுகளைப் பிடித்துவைப்பது

தானியங்கி அளவை விட்டுவைத்தால் நான்கு படமும் நான்கு அளவுகோலில் வரும், ஒப்பிட முடியாது. படத்தை இரட்டை கிளிக் செய்து உள்ளே போய், அச்சு எண்கள் மேல் மீண்டும் இரட்டை கிளிக். ஸ்கேல் பக்கத்தில் ஆட்டோமேடிக் டிக்குகளை எடுத்துவிட்டு எக்ஸுக்கு 0, 20, இடைவெளி 5. ஒய்க்கு 0, 14, இடைவெளி 2. நான்குக்கும் இதே.

வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவுகோலில் உள்ள இடத்தைக் கண் மிகத் துல்லியமாகப் படிக்கிறது, நீளம், கோணம், பரப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான் என்று வரிசைப்படுத்தினார்கள். பை சார்ட்டை நான் பரிந்துரைப்பதே இல்லை என்பதற்கும் காரணம் இதுதான். அச்சு 0வில் தொடங்கியே ஆக வேண்டும் என்ற விதி பார் சார்ட்டுக்கு, அங்கே நீளம்தான் மதிப்பு. ஸ்கேட்டருக்கு அது கட்டாயமில்லை, இங்கே வசதிக்காக வைத்திருக்கிறோம்.

போக்குக் கோட்டுக்கு, ஒரு புள்ளியின் மேல் வலது கிளிக், இன்செர்ட் ட்ரெண்ட் லைன், லீனியர். ‘ஷோ ஈக்வேஷன்’ டிக் செய்யுங்கள். முதல் படம் முடிந்ததும் அதை காப்பி செய்து மூன்று முறை ஒட்டி, டேட்டா ரேஞ்சஸில் எக்ஸ், ஒய் மதிப்புகளை மட்டும் மாற்றினால் அச்சு வேலையை மறுபடி செய்ய வேண்டாம். நான்கையும் இரண்டுக்கு இரண்டாக அடுக்குங்கள்.

5. பார்ப்பது

நான்கிலும் ஒரே கோடு. கோட்டைச் சுற்றி நடப்பது வேறு வேறு.

முதலாவது, பாடப்புத்தகத்தில் வருவது போல. புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறியிருக்கின்றன. சராசரியும் கெழுவும் சொன்னது இதற்கு மட்டும் பொருந்தும்.

இரண்டாவது, சுத்தமான வளைவு. எக்ஸ் 11 அருகே உச்சம் தொட்டு இறங்குகிறது. ட்ரெண்ட் லைன் வகையை பாலினோமியல், டிகிரி 2 என்று மாற்றினால் புள்ளிகள் அத்தனையும் கோட்டின் மேல் உட்கார்ந்துவிடும். நேர்கோட்டை நம்பி எக்ஸை 20க்கு நீட்டினால் ஒய் 13 என்று சொல்லும், வளைவோ பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்.

மூன்றாவதில் பத்து புள்ளிகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க, எக்ஸ் 13இல் உள்ள 12.74 மட்டும் மேலே நிற்கிறது. அந்த ஒன்று கோட்டைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. அந்த இணையை அழித்துப் பாருங்கள், சாய்வு 0.345, வெட்டு 4.01 ஆகும், கெழு கிட்டத்தட்ட 1. அழித்ததைத் திரும்பக் கொண்டுவர மறக்காதீர்கள். உங்கள் சொந்தத் தரவில் இப்படி ஒரு புள்ளி வந்தால் அழிப்பது கடைசி வேலை. முதலில் குறிப்பேட்டுக்குப் போய் அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், அல்லது அந்தத் தரவிலேயே முக்கியமான செய்தி அதுவாக இருக்கலாம்.

நான்காவதில் எக்ஸ் 8இல் பத்து புள்ளிகள் நெட்டுக்குத்தாக, தூரத்தில் 19இல் ஒன்று. சாய்வு முழுவதும் அந்த ஒரு புள்ளியின் தயவு. அந்த வரியை அழித்தால் ஸ்லோப் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை காட்டும், ஏனென்றால் எக்ஸ் மாறவே இல்லை. கெழு 0.817 என்று எழுதிய அறிக்கைக்கு ஆதாரம் ஒரே ஒரு அளவு.

வளைவு இவ்வளவு வெளிப்படையாக இல்லாத தரவுக்கு இன்னொரு படம் உதவும். ஒவ்வொரு ஒய்யிலிருந்தும் கோடு சொல்லும் மதிப்பைக் கழித்து (3 + 0.5 × எக்ஸ்), அந்த மிச்சத்தை எக்ஸுக்கு எதிரே ஸ்கேட்டராகப் போடுங்கள். இரண்டாம் தொகுப்பில் எக்ஸ் 4இலும் 14இலும் மிச்சம் −1.90, நடுவில் 9இல் +1.27. கவிழ்த்த வளைவு பளிச்சென்று தெரியும். மிச்சத்தில் உருவம் தெரிந்தால் நேர்கோடு அந்தத் தரவுக்குப் பொருந்தவில்லை.

சேர்க்கை: பின்னூட்டத்தில் வந்த சிக்கல்கள்

இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டியவர்களுக்குச் சராசரி மாறி வருகிறது. சில எண்கள் எழுத்தாக ஒட்டப்பட்டிருக்கும், செல்லின் இடது ஓரம் ஒட்டி நிற்பதே அடையாளம். ஆவரேஜ் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழையும் காட்டாது. கவுண்ட் 11 தருகிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

ஜெர்மனி, பிரான்சில் இருப்பவர்கள் கவனிக்க: அங்குள்ள அமைப்பில் தசமத்துக்குக் கமாதான். 8.04 என்று அடித்தால் தேதியாகவோ எழுத்தாகவோ போய்விடும். லொக்கேலை (மொழி, நாடு அமைப்பை) மாற்றுங்கள், அல்லது 8,04 என்று அடித்து ஃபங்ஷனுக்குள் அரைப்புள்ளி போடுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் சமன்பாடு தெரியவில்லை என்றால் லெஜண்டை (படத்தின் குறிவிளக்கத்தை) மறைத்திருப்பீர்கள். அங்கே சமன்பாடு லெஜண்டில்தான் வரும்.

அடுத்து எதை வைத்துப் பழகுவது என்று கேட்டவர்களுக்கு: தமிழ்நாட்டில் இருந்தால் வீட்டு மின் கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், இரண்டு வருடத்துக்கு 12 புள்ளிகள். எக்ஸ் யூனிட், ஒய் ரூபாய். முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், 500ஐத் தாண்டினால் விலைப்பட்டியலே வேறு. இடையில் கட்டண உயர்வு வந்திருந்தால் பழையதையும் புதியதையும் இரண்டு ஒய் நெடுவரிசைகளாகப் பிரித்தால் இரண்டு நிறத்தில் வரும். புள்ளிகளை மட்டும் பாருங்கள், நேர்கோடு போட வேண்டாம். போட்டால் வெட்டு பெரும்பாலும் நெகட்டிவில் வந்து, 20 யூனிட் ஓடினால் மின்வாரியம் நமக்குப் பணம் தர வேண்டும் என்று சொல்லும்.